துருப்பு எங்கே தப்பியது? பிரிட்ஜ் ஏலத்தில் வரும் கோளாறுகளைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய

ராயபுரத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடிக் கொட்டகையில் ஞாயிறு மாலை இரண்டு மேசை பிரிட்ஜ் ஓடுகிறது. வருபவர்களில் பாதிப் பேர் துறைமுகத்திலோ ரயில்வேயிலோ வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். அத்தனை பேரும் சின்ன வயதில் 304 என்ற சீட்டாட்டம் ஆடி வளர்ந்தவர்கள். விழுந்த சீட்டை ஞாபகம் வைப்பதிலும் எதிராளி முகத்தைப் படிப்பதிலும் இவர்களை மிஞ்ச ஆளில்லை. ஏலத்தில் மட்டும் அதே ஏழெட்டுக் கோளாறுகள் வாராவாரம் வந்து நிற்கும். மேசையில் வாய் வலிக்கச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். விதிகள் தெரியும், பாயிண்ட் எண்ணத் தெரியும், ஆனாலும் கேட்ட காண்ட்ராக்ட் கவிழ்ந்துகொண்டே இருக்கிறது என்பவர்களுக்கு இது.

பெரும்பாலான கோளாறுகளுக்கு ஊற்று ஒன்றுதான். 304இல் நாலு சீட்டு கைக்கு வந்ததுமே கேட்கிறோம். ஏலம் எடுத்தவர் தன் கையைப் பார்த்து ஒரு சீட்டைத் துருப்பாகக் கவிழ்த்து வைக்கிறார். ஜாக்கியும் ஒன்பதும் ஒரே இனத்தில் வந்துவிட்டால் யோசனையே வேண்டாம். அங்கே துருப்பு ஒரு கையின் சொத்து. பிரிட்ஜில் அது இரண்டு கைகளின் கூட்டுச் சொத்து. காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலம் கேட்பவர் கூடையைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் விலை சொல்கிறார். பிரிட்ஜ் மேசையில் பாதி மீன் பார்ட்னரின் கூடையில் மூடிக் கிடக்கிறது. அதனால் நாம் சொல்லும் ஒவ்வொரு விலையும் "என் கூடையில இது இருக்கு, உன் கூடையில இன்னா இருக்கு?" என்று கேட்பதாகவும் இருக்க வேண்டும்.

எங்கள் மேசை வழக்கப்படி ஸ்பேட், ஆட்டின், டைமன், கிளாவர் என்றே எழுதுகிறேன். ஆட்டின் என்றால் ஹார்ட். புத்தகம் பார்த்துப் பழகியவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

எந்தக் கோளாறானாலும் முதலில் இந்தச் சோதனை

ஒரே கைகளை இரண்டு மேசையும் ஆடி ஸ்கோரை ஒப்பிடும் டூப்ளிகேட் முறையில் ஆடுகிறோம். ஆட்டம் முடிந்த பிறகும் அவரவர் 13 சீட்டும் அவரவர் முன்னாலேயே இருக்கும். அதை போர்டில் (அடுத்த மேசைக்குப் போகும் சீட்டுத் தட்டு) செருகும் முன் உங்கள் கையையும் பார்ட்னர் கையையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரியுங்கள். நாலு இனத்திலும் இரண்டு கையிலும் சேர்த்து எத்தனை என்று எண்ணி, ஸ்கோர் சீட்டின் பின்பக்கம் நாலு எண்ணாக எழுதுங்கள். கூட்டினால் 26 வர வேண்டும்.

இந்த நாலு எண்ணில் ஒன்றாவது 7 அல்லது அதற்கு மேல் இருந்தே தீரும். 7-7-6-6 என்றோ 7-7-7-5 என்றோ வந்தால் மட்டும்தான் 8 சீட்டு உள்ள இனம் இருக்காது. மற்ற எந்தப் பிரிவிலும் 8 எங்கோ இருக்கிறது. நீங்கள் அதில் ஆடினீர்களா? இல்லையென்றால் ஏலத்தை முதலிலிருந்து ஒப்பித்துப் பாருங்கள். யார் எந்த இடத்தில் எதைச் சொல்லாமல் விட்டதால் அந்த இனம் வெளியே வரவில்லை என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். பார்ட்னரோடு கத்திச் சண்டை போடுவதைவிட இது சீக்கிரம் முடியும்.

"கை நல்ல கைதான், துருப்பு பாதியிலேயே தீர்ந்துபோச்சு"

அடிக்கடி வரும் புகார் இது. சோதனையில் துருப்புக்கு நேராக 7 அல்லது 6 என்று எழுதியிருக்கும்.

உங்களிடம் ஐந்து, பார்ட்னரிடம் இரண்டு என்று வையுங்கள். வெளியே ஆறு துருப்பு இருக்கிறது. ஆறு சீட்டு இரண்டு எதிராளிகளிடம் 4-2 ஆகப் பிரிய 48 சதவீதம், 3-3 ஆகப் பிரிய 36 சதவீதம் வாய்ப்பு. அதாவது பெரும்பாலும் ஒரு எதிராளியிடம் நாலு துருப்பு இருக்கும். அவர்கள் உங்களிடம் இல்லாத இனத்தை இறக்கி ஒரு தடவை துருப்பால் வெட்ட வைத்தால் போதும், உங்களிடமும் நாலு, அவரிடமும் நாலு. இரண்டாவது தடவை வெட்டினால் அவர்தான் முதலாளி.

எட்டு துருப்பு இருந்தால் வெளியே ஐந்து. அது 3-2 ஆகப் பிரிய 68 சதவீதம், 4-1 ஆக 28, 5-0 ஆக 4. எட்டுக்கு இவ்வளவு மரியாதை இதனால்தான்.

சரிசெய்யும் வழி: ஐந்து சீட்டு இனத்தை ஒருமுறை சொல்லிவிட்டால் அதோடு விடுங்கள். இரண்டாவது தடவை சொன்னால் "என்னிடம் ஆறு இருக்கிறது" என்று பார்ட்னர் எடுத்துக்கொள்வார், எடுத்துக்கொள்ளவும் வேண்டும். கையில் இன்னொரு நாலு சீட்டு இனம் இருந்தால் அடுத்து அதைச் சொல்லுங்கள். நீங்கள் பார்ட்னர் பக்கம் உட்கார்ந்திருந்தால் கேட்டுக்கொள்ள வேண்டியது, இனத்தைச் சொன்னவர் எத்தனை சீட்டுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார் என்பது. ஐந்துக்கு என்றால் மூன்று வைத்துக்கொண்டே தைரியமாக ஏற்றலாம். நாலுக்கு என்றால் உங்களிடமும் நாலு வேண்டும்.

304 பழக்கம் இங்கே இன்னொரு விதத்திலும் காலை வாரும். தலைச்சீட்டுகள் பளபளவென்று இருந்தால் அதுவே துருப்பாக வேண்டும் என்று கை துறுதுறுக்கும். ஆஸ், ராஜா, ராணி என்று மூன்றே சீட்டு உள்ள இனம் எது துருப்பானாலும் பிடி எடுக்கப் போகிறது. 8, 7, 6, 5, 2 என்று கிடக்கும் ஏழை இனம்தான் துருப்பானால் பிழைக்கும், இல்லாவிட்டால் குப்பை. நீளத்தைப் பார்த்துத் துருப்பைத் தேர்ந்தெடுங்கள். தலைச்சீட்டுகள் எங்கே இருந்தாலும் சம்பாதித்துக்கொள்ளும்.

"எட்டு துருப்பு இருந்தது, கேட்டதும் நின்றது. ஆனால் பக்கத்து மேசை நம்மைவிட ஒரு பிடி அதிகம் எடுத்தது"

எனக்குப் பிடித்த கோளாறு. இதில் கொஞ்ச நேரம் உட்காரலாம். போன மாதம் வந்த கை இது.

உங்கள் கை: ஸ்பேட் ராஜா, ராணி, 7, 4. ஆட்டின் ஆஸ், ராஜா, ராணி, 6, 2. டைமன் 8, 3. கிளாவர் 7, 5.

பார்ட்னர் கை: ஸ்பேட் ஆஸ், ஜாக்கி, 8, 5. ஆட்டின் ஜாக்கி, 9, 4. டைமன் ஆஸ், 7, 2. கிளாவர் ஆஸ், 6, 4.

ஆஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 என்று எண்ணினால் ஆளுக்கு 14 பாயிண்ட். சோதனை எண்கள் ஸ்பேட் 8, ஆட்டின் 8, டைமன் 5, கிளாவர் 5. இரண்டு எட்டு இருக்கிறது. ஒன்று 5-3, இன்னொன்று 4-4. எங்கள் மேசையில் ஒருவர் ஒரு ஆட்டின் என்று திறந்தார், பார்ட்னர் மூன்று ஆட்டினைப் பார்த்த சந்தோஷத்தில் ஒரே தாவாக நாலு ஆட்டினுக்கு, அதாவது 10 பிடிக்கு, போய்விட்டார். பக்கத்து மேசையில் நாலு ஸ்பேட்.

ஆட்டின் துருப்பானால் எண்ணுங்கள். ஆட்டினில் ஐந்து, ஸ்பேடில் நாலு, டைமன் ஆஸ், கிளாவர் ஆஸ். 11 பிடி. டைமனில் ஒன்று, கிளாவரில் ஒன்று போகும். தலைகீழாக நின்றாலும் பன்னிரண்டாவது வராது. பார்ட்னரின் டைமனை உங்கள் கையில் வெட்டினாலும் அது ஏற்கனவே எண்ணிய ஐந்து ஆட்டினில் ஒன்றுதான்.

ஸ்பேட் துருப்பானால் கதையே வேறு. எதிராளி கிளாவர் இறக்கினார் என்று வையுங்கள். ஆஸால் எடுங்கள். மூன்று சுற்று துருப்பை இழுங்கள். வெளியே இருந்த ஐந்து ஸ்பேட் 3-2 ஆகப் பிரிந்திருந்தால் எல்லாம் வந்துவிடும், இரண்டு கையிலும் ஒவ்வொரு துருப்பு மிச்சம். இப்போது ஆட்டினை ஐந்து தடவை ஓட்டுங்கள். பார்ட்னரிடம் ஆட்டின் மூன்றுதான். நாலாவது, ஐந்தாவது ஆட்டினுக்கு அந்தக் கையிலிருந்து மிச்சமுள்ள இரண்டு கிளாவரையும் வீசுங்கள். உங்கள் கையில் இன்னும் ஒரு கிளாவர் இருக்கிறது. அதை இறக்கி அந்தக் கையின் கடைசித் துருப்பால் வெட்டுங்கள். உங்கள் கடைசித் துருப்பு தனியாக ஒரு பிடி. டைமன் ஆஸ் இன்னொன்று. மொத்தம் 12, போவது ஒரு டைமன் மட்டும்.

அதே 26 சீட்டு, துருப்பின் பெயர் மட்டும் மாறியது. 5-3 இனம் துருப்பாக இல்லாமல் வெளியே நின்றால் அதன் நாலாவது, ஐந்தாவது சீட்டு எதிர்க்கையின் குப்பையை வாரிக்கொண்டு போகும். 4-4 இனத்தால் அந்தத் துப்புரவு வேலையைச் செய்ய முடியாது, ஏனென்றால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தீர்ந்துவிடும். அதனால் நாலு-நாலைத் துருப்பாக்கி, ஐந்து-மூன்றை வெளியே நிறுத்துங்கள்.

ஸ்கோர் வித்தியாசம் 30தான். வல்னரபிள் (போனஸும் அபராதமும் கூடும் நிலை) இல்லாத கையில் அவர்களுக்கு 480, நமக்கு 450. டூப்ளிகேட்டில் அந்த முப்பது போதும் அந்த போர்டையே இழக்க.

சரிசெய்யும் வழி: பார்ட்னர் ஆட்டின் திறந்தார், உங்களிடம் மூன்று ஆட்டினும் நாலு ஸ்பேடும் இருக்கிறது, கை பலமானது என்றால் அவசரப்பட வேண்டாம். ஒரு ஸ்பேட் சொல்லிப் பாருங்கள். அவரிடம் நாலு இருந்தால் ஏற்றுவார். இல்லாவிட்டால் ஆட்டின் எங்கேயும் ஓடிப்போகாது, அடுத்த சுற்றில் திரும்பிக்கொள்ளலாம். பலவீனமான கையோடு இந்த விளையாட்டெல்லாம் வேண்டாம், நேராக இரண்டு ஆட்டின் போதும். 4-4 துருப்பு மெலிந்து கிடந்து, 4-1 ஆகவும் பிரிந்தால் வலிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மேலே பார்த்த கையில் ஸ்பேடின் நாலு தலைச்சீட்டும் நம்மிடம் இருந்தன, அதனால் பயமில்லை.

"பார்ட்னர் ஒரு நோ ட்ரம்ப் சொன்னார், என்னிடம் ஒன்றுமே இல்லை, பாஸ் சொன்னேன், நாலு பிடி டவுன்"

"ஒன்றுமே இல்லை" என்று சொன்னவரின் கையைப் பிடுங்கிப் பார்த்தேன். ஸ்பேட் 10, 9, 7, 6, 3. மற்ற மூன்று இனத்திலும் பொடிச் சீட்டுகள். இது ஒன்றுமில்லாத கை என்று யார் சொன்னது? ஐந்து ஸ்பேட் இருக்கிறதே.

நோ ட்ரம்பில், அதாவது துருப்பே இல்லாத ஆட்டத்தில், இந்தக் கை டம்மியாக (எல்லோரும் பார்க்க மேசையில் திறந்து வைக்கும் கை) விரிந்து, கடைசிவரை ஒரு பிடிக்கும் உதவாமல் செத்துக் கிடக்கும். பார்ட்னர் தன் 16 பாயிண்ட்டை வைத்துக்கொண்டு ஒரே கையிலிருந்து தானே இறக்கித் தானே தோற்பார். ஸ்பேடைத் துருப்பாக்கினால் இதே கை இரண்டு, மூன்று பிடி எடுக்கும், பார்ட்னர் அந்தப் பக்கம் போய்வரவும் வழி கிடைக்கும். அவரிடம் இரண்டே ஸ்பேட் இருந்தாலும் பரவாயில்லை. "ஏழு துருப்பு வேண்டாம்னு இப்பத்தானே சொன்னீங்க?" என்று கேட்பீர்கள். சொன்னேன். அது தேர்ந்தெடுக்க வேறு வழி இருக்கும்போது. இங்கே எதிரில் இருப்பது அதைவிட மோசமான ஒரு நோ ட்ரம்ப்.

இதற்கு டிரான்ஸ்ஃபர் கற்றுக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் ஆஸ்வால்ட் ஜேக்கபி பெயரால் வழங்கும் முறை. பார்ட்னரின் ஒரு நோ ட்ரம்புக்குப் பதில் சொல்லும்போது இரண்டு டைமன் சொன்னால் "என்னிடம் ஐந்து ஆட்டின்", இரண்டு ஆட்டின் சொன்னால் "என்னிடம் ஐந்து ஸ்பேட்". பார்ட்னர் அந்த இனத்தைச் சொல்வார், நீங்கள் பாஸ். பலமான கை மறைந்தே இருக்கும், பலவீனமான கை டம்மியாக விரியும். 4-4 தேடுவதற்கு ஸ்டேமன் இருக்கிறது, இரண்டு கிளாவர் சொல்லிக் கேட்பது. இந்த இரண்டும் தெரியாமல் நோ ட்ரம்ப் திறப்பவர்களோடு நான் காசு வைத்து ஆடமாட்டேன், சும்மாவும் ஆடமாட்டேன்.

"11 துருப்பு இருந்தும் ஐந்து கிளாவர் ஒரு பிடியில் போச்சு"

துருப்பு சரி, தேர்வு தப்பு. கிளாவரிலும் டைமனிலும் கேம் என்னும் போனஸுக்கு 11 பிடி வேண்டும். 3 நோ ட்ரம்புக்கு 9 போதும், போனஸ் ஒன்றேதான். கிளாவரில் ஆறேழு பிடி ஓட்ட முடிகிற கைக்கு மற்ற இனங்களில் இரண்டு, மூன்று பிடி தேடினால் கதை முடிந்தது. அதனால் கிளாவரோ டைமனோ பொருந்தியது தெரிந்ததும் முதலில் பார்க்க வேண்டியது: மற்ற மூன்று இனத்திலும் தடுப்புச் சீட்டு இருக்கிறதா? இருந்தால் 3 நோ ட்ரம்ப். எங்காவது ஓட்டை இருந்தால் மட்டும் ஐந்துக்குப் போங்கள்.

"3 நோ ட்ரம்ப் கேட்டேன், எதிராளி ஆட்டினை ஐந்து தடவை ஓட்டிவிட்டான்"

மேலே சொன்னதின் மறுபக்கம். ஓட்டை இருந்தும் நோ ட்ரம்ப் போய்விட்டீர்கள். சோதனையில் 8 இல்லை, ஸ்பேடில் 4-3 என்று 7தான் இருக்கிறது என்றாலும், சில சமயம் அந்த ஏழில் நாலு ஸ்பேட் கேட்பதுதான் சரி. நிபந்தனை ஒன்று: மூன்று துருப்பு உள்ள கையில்தான் வெட்டு விழ வேண்டும். அந்தக் கையில் ஆட்டின் இரண்டே இருந்தால், அவர்கள் மூன்றாவது ஆட்டினை இறக்கும்போது சிறிய பக்கம் வெட்டும், நாலு துருப்பு உள்ள பக்கம் அப்படியே இருந்து எதிராளி துருப்பை இழுக்கும். நாலு உள்ள பக்கம் வெட்ட நேர்ந்தால் கப்பல் கவிழ்ந்தது.

அல்ஃபோன்ஸ் மொய்ஸ் என்ற அமெரிக்கர் இந்த 4-3 துருப்புக்காக ஓயாமல் வாதாடியதால் இதற்கு மொய்ஸியன் என்றே பெயர். எங்கள் மாடியில் இது சுருங்கி "மொய்" ஆகிவிட்டது. "இன்னிக்கி மொய் வெச்சிட்டாருப்பா" என்றால் 4-3இல் ஆடித் தோற்றார் என்று அர்த்தம்.

"ஏலம் ஏறிக்கொண்டே போச்சு, கடைசியில் டபுள் விழுந்தது"

இதில் குற்றவாளி நானே. என் கை: ஸ்பேட் ஆஸ், ராணி, ஜாக்கி, 9, 6, 3. ஆட்டின் ராஜா, 8, 4. டைமன் 5. கிளாவர் ராணி, 7, 2. எதிரில் இருந்தவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற அண்ணன்.

நான் ஒரு ஸ்பேட். அவர் இரண்டு டைமன். நான் இரண்டு ஸ்பேட். அவர் மூன்று டைமன். நான் மூன்று ஸ்பேட். அவர் முகத்தில் கோபம் ஏறுவது தெரிந்தது, ஏலக் கார்டு பெட்டியிலிருந்து நாலு டைமனை உருவி மேசையில் தட்டி வைத்தார். நான் விடுவேனா, நாலு ஸ்பேட். என் இடது பக்கம் இருந்தவர் சிரித்துக்கொண்டே டபுள் கார்டை (தோற்றால் அபராதம் பெருகும்) எடுத்தார். வல்னரபிள். மூன்று பிடி குறைந்தது, 800.

போர்டில் செருகும் முன் அண்ணன் தன் சீட்டை விரித்தார். ஸ்பேட் 4. ஆட்டின் ஜாக்கி, 6, 3. டைமன் ஆஸ், ராணி, 10, 8, 7, 3. கிளாவர் ராஜா, 9, 5.

"இன்னா நைனா, நான் டைமன் டைமன்னு கத்திக்கினே கீறேன், உன் காதுல வுழலியா?"

"நீங்க மட்டும் ஸ்பேடைக் காதுல வாங்கினீங்களாண்ணா?"

எண்ணிப் பார்த்தோம். 7, 6, 7, 6. மேலே சொன்னேனே, எட்டே இல்லாத பிரிவு, அதுதான். யார் எதைக் கேட்டிருந்தாலும் நல்ல துருப்பு கிடைத்திருக்காது. இரண்டு ஸ்பேடில் அண்ணன் பாஸ் சொல்லியிருந்தால் ஒரு பிடி குறைந்து 100 போயிருக்கும், யாரும் டபுள் சொல்லியிருக்கவும் மாட்டார்கள். எங்கள் பிடிவாதத்தின் விலை 700.

பொருந்தாத கைக்கு அடையாளம் எளிது. நீங்கள் சொல்லும் இனத்தில் பார்ட்னருக்கு ஒன்றோ சைபரோ, அவர் சொல்லும் இனத்தில் உங்களுக்கும் அப்படியே. இரண்டு பேரும் ஒரே பாட்டை இரண்டாவது தடவை பாட ஆரம்பித்தால் அடுத்த ஆள் வாயை மூட வேண்டும். கடைசி வார்த்தை யாருடையது என்பதில் மானம் ஒன்றும் இல்லை. தன் இனம்தான் கொஞ்சம் நல்லது என்று தோன்றினாலும் ஒரு படி கீழே நிற்பது அந்த நன்மையைவிடப் பெரிது. பாயிண்ட் எண்ணிக்கை ஆசை காட்டும், எனக்கு 12, அவருக்கு 10, மொத்தம் 22 இருந்ததே என்று. பொருந்தாத கையில் அந்த 22 பாயிண்ட் ஆளுக்கொரு திசையில் இழுக்கும் இரண்டு மாடு.

2015இல் உலக அணிச் சாம்பியன்ஷிப் சென்னையிலேயே நடந்தது, போலந்து பெர்முடா பௌல் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனது. அப்போது இணையத்தில் பார்த்த ஆட்டங்களில் எனக்கு மனதில் நின்றது அவர்களுடைய ஸ்லாம்கள் (12, 13 பிடி கேட்பது) இல்லை. பச்சை பாஸ் கார்டை எவ்வளவு சுலபமாக எடுத்து வைக்கிறார்கள் என்பதுதான்.

"26 பாயிண்ட், எட்டு துருப்பு. அப்படியும் நாலு ஆட்டின் விழுந்தது"

பாயிண்ட் இருக்கும் இடம் தப்பு. மில்டன் வொர்க் பரப்பிய 4-3-2-1 கணக்கு கையைத் திறந்தவுடன் போடும் முதல் மதிப்பு மட்டும்தான். ஏலம் ஓட ஓட அதைத் திருத்திக்கொண்டே வர வேண்டும். எங்கள் ஆட்கள் முதலில் எண்ணிய எண்ணைக் கல்வெட்டு மாதிரி பிடித்துக்கொள்கிறார்கள்.

உங்களிடம் டைமன் ராஜா, ராணி, ஜாக்கி, 6 இருக்கிறது. பார்ட்னரிடம் ஒரே டைமன். ஆறு பாயிண்ட், ஆனால் அங்கே தோற்கப்போவது எப்படியும் ஒரே பிடிதான். அந்த ஆறும் கிட்டத்தட்ட வீண். அதே இடத்தில் உங்களிடம் 8, 6, 4, 2 இருந்திருந்தாலும் தோற்பது அதே ஒரு பிடி, மிச்சத்தை பார்ட்னர் வெட்டிக்கொள்வார், உங்கள் ஆறு பாயிண்ட் வேறு இனத்தில் வேலை செய்திருக்கும்.

பார்ட்னர் நீளமாகச் சொன்ன இனத்தில் உங்களிடம் ராஜாவோ ராணியோ இருந்தால் மதிப்பை ஏற்றுங்கள். அவரிடம் குறைவு என்று தெரிந்த இனத்தில் ஆஸைத் தவிர மற்றதை இறக்குங்கள். எதிராளி ஒரு இனம் சொன்னார், அதில் உங்களிடம் ராஜா, கூடவே ஒரு பொடிச்சீட்டு. சொன்னவர் உங்கள் வலது பக்கம் இருந்தால் ராஜா பிழைத்துக்கொள்வார். இடது பக்கம் இருந்தால் ஆஸ் உங்களுக்குப் பின்னால் காத்திருக்கிறது, ராஜாவை மறந்துவிடுங்கள்.

தோற்கும் பிடிகளை எண்ணும் கணக்கு ஒன்றும் இருக்கிறது. துருப்பு பொருந்திய பிறகு ஒவ்வொரு இனத்திலும் ஆஸ், ராஜா, ராணியில் எத்தனை இல்லையோ அத்தனை என்று, அந்த இனத்தில் உள்ள சீட்டு எண்ணிக்கைக்கு மிகாமல் எண்ணி, இரண்டு கையையும் கூட்டி 24இலிருந்து கழித்தால் எடுக்கக்கூடிய பிடி வரும் என்பார்கள். உதவும், ஆனால் எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. இரண்டாம் புகாரில் பார்த்த கைக்குப் போட்டால் 10 என்று வருகிறது, ஸ்பேடில் எடுத்ததோ 12.

"எதிராளி இரண்டு ஆட்டினில் நின்றான், விட்டுவிட்டோம். ஜாலியாக எடுத்துக்கொண்டு போனான்"

அவர்களுக்கு 110. நீங்கள் இரண்டு ஸ்பேட் சொல்லி ஒரு பிடி குறைந்திருந்தாலும் 50, மிஞ்சிப்போனால் 100 தான் போயிருக்கும். பல நேரம் நின்றும் இருக்கும்.

1960களில் பிரான்ஸின் ஜான்-ரெனே வெர்ன் சொன்ன கணக்கு இங்கே கைகொடுக்கும். உங்கள் அணியின் நீளமான துருப்பையும் எதிரணியின் நீளமான துருப்பையும் கூட்டினால், இரண்டு அணியும் அவரவர் துருப்பில் எடுக்கக்கூடிய பிடிகளின் கூட்டுத்தொகை ஏறக்குறைய வரும். மேசையில் அவ்வளவு கணக்குப் போட நேரமில்லை என்றால் சுருக்கம் இது: எட்டு துருப்பு தெரிந்தால் இரண்டாம் படிவரை, ஒன்பது தெரிந்தால் மூன்றாம் படிவரை, பத்து என்றால் நாலாம் படிவரை போட்டி போடுங்கள். பாயிண்ட் குறைவாக இருந்தாலும் சரி. வல்னரபிளாக இருந்தால் மட்டும் ஒரு மூச்சு விட்டு யோசியுங்கள்.

"துருப்பு சரி, ஏலம் சரி, ஆட்டமும் சரி. டவுன்"

இந்தப் புகார் வந்தால் ஒன்றையும் தொடாதீர்கள். 68 சதவீதம் என்றால் மூன்று தடவைக்கு ஒரு தடவை அடி விழும். அப்படி அடி வாங்கிய வாரம் பயந்துபோய் அடுத்த வாரம் எல்லாக் கையிலும் ஒரு படி கீழே நின்று, வரவேண்டிய கேம்களை விட்டவர்கள் எங்கள் மாடியில் நிறைய. எதிராளிகளிடம் கேட்டு அவர்களுடைய 26 சீட்டையும் ஒருமுறை விரிக்கச் சொல்லுங்கள். உங்கள் துருப்பு அங்கே 4-1 ஆகக் கிடந்தால், போர்டில் செருகி அடுத்த மேசைக்கு அனுப்பிவிடுங்கள். அங்கேயும் அது 4-1தான்.